கவுன்சில் இல்லாத ஊர்கள் வழியாக: தெற்கு ஆஸ்திரேலியப் பயணக் குறிப்புகள்

முதல் நாள்: போர்ட் அகஸ்டா, ஹாக்கர், பிளின்மன்

ஹாக்கர் தாண்டி வடக்கே கொஞ்ச தூரம் போனதும் உள்ளாட்சி முடிந்துவிடுகிறது. பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. அண்ணன்தான் (பெரியப்பா மகன், அடிலெய்டில் வெகுகாலமாக இருக்கிறார், வண்டியும் அவருடையது) கைப்பேசி வரைபடத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இதோட கவுன்சில் முடிஞ்சுது. இனிமே கூபர் பீடி போற வரைக்கும் வீட்டு வரியும் கிடையாது, குப்பை லாரியும் கிடையாது.”

பாலைவனம் பார்க்கலாம், ஓபல் ரத்தினக்கல் தோண்டும் ஊரைப் பார்க்கலாம் என்றுதான் கிளம்பினோம். ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வரி மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. குப்பை லாரி இல்லை, சரி. அப்புறம் குப்பையை யார் எடுக்கிறார்கள்? சாலையை யார் போடுகிறார்கள்? நாய் தொல்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தில் 68 கவுன்சில்கள். அத்தனையையும் சேர்த்துப் போட்டாலும் மாநிலப் பரப்பில் சுமார் 15 சதவீதம்தான் தேறும். மீதியில் பழங்குடியினர் நிலங்களைக் கழித்தால்கூட ஆறு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் நிற்கிறது. அதில் வாழ்பவர்கள் சில ஆயிரம் பேர். ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நூறு இருநூறு கிலோமீட்டர் இருக்கும்போது எதை எல்லையாக வைத்து, யாரிடம் வரி வாங்கி, எந்தக் கட்டடத்தில் மன்றம் கூட்டுவது?

இதற்கு வேர் மழையில் இருக்கிறது. 1865-இல் இங்கே தலைமை நில அளவையாளராக இருந்த ஜார்ஜ் கோய்டர் குதிரையேறிப் போய், அந்த வறட்சியில் செடிகொடி எங்கே தாக்குப்பிடித்தது, எங்கே கருகிப்போனது என்று பார்த்து வரைபடத்தில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்குத் தெற்கே பயிர் செய்யலாம், வடக்கே ஆடு மாடு மேய்க்கலாம், அவ்வளவுதான். ஆண்டுக்கு ஏறக்குறைய 250 மில்லிமீட்டர் மழை என்று இன்றைக்கு அதைச் சொல்கிறார்கள். 1870-களில் சில வருடம் நல்ல மழை பெய்ததும் ஆட்கள் கோட்டை மதிக்காமல் வடக்கே போய்க் கோதுமை விதைத்தார்கள், மழை பொய்த்ததும் கல்வீட்டை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினார்கள். கூரை போன அந்தச் சுவர்கள் இன்றும் ஹாக்கர் சாலையில் நிற்கின்றன. கவுன்சில் எல்லை அந்தக் கோட்டை அச்சாகப் பின்பற்றவில்லை, ஹாக்கரே கோட்டுக்கு வடக்கேதான் இருக்கிறது. ஆனால் காரணம் ஒன்றுதான்: பயிர் இருக்கும் இடத்தில் குடும்பங்கள் நெருங்கி இருக்கும், நெருங்கி இருந்தால் வரி கட்ட ஆள் இருக்கும், வரி இருந்தால்தான் கவுன்சில்.

பாராசில்னாவில் வலது பக்கம் திரும்பி, பள்ளத்தாக்கு வழியாக மண் சாலையில் ஏறி பிளின்மன் வந்தோம். மாநிலத்திலேயே உயரமான இடத்தில் இருக்கும் ஊர், சுமார் 610 மீட்டர். வீடுகளைத் தெருவில் நின்றே எண்ணிவிடலாம். 1859-இல் ராபர்ட் பிளின்மன் என்ற ஆட்டிடையர் இங்கே செம்பு இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்தப் பழைய சுரங்கத்தை இப்போது ஊர் மக்களின் சங்கமே சுற்றுலாவுக்காக நடத்துகிறது.

பொதுக் கழிப்பறைக்குப் போனேன். சுத்தமாக இருந்தது, காகிதச் சுருள் இருந்தது, தண்ணீர் வந்தது. வெளியே வந்து எதிரே நின்ற ஒரு பெண்மணியிடம் இதை யார் கவனித்துக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். “இந்த வாரம் என் முறை,” என்றார்.

கதையின் பாதி அந்த நான்கு சொல்லில் இருக்கிறது. மீதிப் பாதி போர்ட் அகஸ்டாவில் நாங்கள் காலையில் கடந்து வந்த ஒரு அலுவலகத்தில் இருக்கிறது. கவுன்சில் இல்லாத ஊர்களுக்கென்று மாநில அரசு 1978-இல் ஒரு அறக்கட்டளை அமைத்தது. 2009-இல் புதுச் சட்டம் போட்டு, 2010 முதல் அதன் இடத்தில் அவுட்பேக் கம்யூனிட்டீஸ் அத்தாரிட்டி (அவுட்பேக் என்றால் உள்நாட்டு வறண்ட வெளி) என்ற ஆணையம் வந்தது. உறுப்பினர்கள் ஏழு பேர், எல்லோரும் அரசு நியமிப்பவர்கள். ஊர்ச் சங்கங்களுக்குப் பணம் கொடுப்பது, கழிப்பறை, குப்பைமேடு, விமான ஓடுதளம் மாதிரியான விஷயங்களில் கைகொடுப்பது, அரசுத் துறைகளிடம் இந்த ஊர்களுக்காகப் பேசுவது எல்லாம் அதன் வேலை. கவுன்சிலுக்குச் சமம் என்று சொல்ல முடியாது, கவுன்சில் செய்வதில் ஒரு துண்டைத்தான் செய்கிறது. மற்ற துண்டுகள் யார் யாரிடம் இருக்கின்றன என்று போகப்போகப் பார்க்கலாம் என்றார் அண்ணன். அவருக்கும் ஆர்வம் தொற்றிவிட்டது.

இரண்டாம் நாள்: லீ கிரீக், லிண்ட்ஹர்ஸ்ட், ஃபரினா

லீ கிரீக்கைப் பார்த்ததும் ஏதோ நகர்ப்புறத்துக் குடியிருப்புக்குள் வந்துவிட்டோமோ என்று தோன்றியது. வளைந்த தெருக்கள், ஒரே மாதிரி வீடுகள், மரநிழல், பெரிய பள்ளிக்கூடம், நீச்சல் குளம். ஆட்கள்தான் இல்லை.

இது நிலக்கரிக்காகக் கட்டிய ஊர். பழைய ஊரின் அடியிலேயே நிலக்கரி இருந்ததால் 1980-களின் தொடக்கத்தில் ஊரையே தெற்கே நகர்த்தினார்கள். இங்கே வெட்டிய கரி ரயிலில் போர்ட் அகஸ்டா மின்நிலையத்துக்குப் போனது. வீடு, தண்ணீர், பூங்கா, தெருவிளக்கு எல்லாமே சுரங்கத்தை நடத்தியவர்களின் பொறுப்பு. 2,000 பேருக்கு மேல் வாழ்ந்த காலத்திலும் இங்கே கவுன்சில் தேவைப்படவில்லை, முதலாளிதான் கவுன்சில். 2015 நவம்பரில் சுரங்கம் மூடியது, அடுத்த வருடம் மே மாதம் மின்நிலையமும் நின்றது. ஒரு நிறுவனம் போனால் ஒரு ஊரின் உள்ளாட்சியும் சேர்ந்தே போய்விடும் என்பதை நான் இதுவரை யோசித்ததில்லை. கடைசியில் மாநில அரசுதான் ஊரைத் தன் கையில் எடுக்க வேண்டி வந்தது, அவுட்பேக் ஆணையத்துக்கு ஒரு முழு நகரத்தின் வேலை வந்து சேர்ந்தது.

பூங்காவில் புல் பச்சையாக இருந்தது. இவ்வளவு பெரிய இடத்துக்குத் தண்ணீர் விட்டுப் பராமரிக்க வேண்டுமா என்று யாராவது கேட்டிருப்பார்கள், பதில் சொல்வது சுலபமில்லை. இருநூறு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள பண்ணைக் குடும்பங்களுக்குக் கடை, கிளினிக், பள்ளி எல்லாம் இங்கேதான்.

பக்கத்தில் கிழக்கே நெபபன்னா என்ற அட்னியமதன்ஹா மக்களின் ஊர் இருக்கிறது. அதற்குத் தனி நிர்வாகம், நாங்கள் அங்கே போகவில்லை. ஆனால் ஒரு விவரம் சொல்ல வேண்டும்: மத்திய அரசு உள்ளாட்சிகளுக்கென்று கொடுக்கும் நிதியைப் பங்கிடும்போது இந்த மாநிலத்தில் 68 கவுன்சில்களோடு ஐந்து பழங்குடிச் சமூகங்களும் அவுட்பேக் ஆணையமும் சேர்ந்து 74 கணக்கில் வருகின்றன. நெபபன்னாவும் அந்த ஐந்தில் ஒன்று.

லிண்ட்ஹர்ஸ்டில் டீசல் நிரப்பினோம். அதற்கு மேல் பெரும்பாலும் செம்மண்ணும் சரளையும்தான்.

ஃபரினாவில் கூடாரம். கோய்டர் கோட்டை மீறிய கனவுகளில் இது வெகுதூரம் வந்த ஒன்று, 1878-இல் ஊராக அறிவித்து மனைகள் விற்றார்கள். ரயில் வந்தது, சில நூறு பேர் இருந்தார்கள், பிறகு எல்லோரும் போய்விட்டார்கள். இப்போது ஒவ்வொரு குளிர்காலத்திலும் தன்னார்வலர்கள் வந்து தங்கி, இடிந்த சுவர்களை எடுத்துக்கட்டி, நிலத்தடியில் இருக்கும் பழைய ரொட்டி அடுப்பை மூட்டி ரொட்டி சுட்டு விற்று அந்தக் காசில் அடுத்த சுவருக்குப் போகிறார்கள். குடியிருப்போர் இல்லாத ஊருக்கு இவ்வளவு ஒழுங்கான நிர்வாகமா என்று அண்ணன் வியந்துகொண்டே இரண்டாவது ரொட்டியும் வாங்கினார்.

மூன்றாம் நாள்: மாரீ

இங்கே ஒரு முழு நாள் தங்கினோம், தங்கியது நல்லதாகப் போயிற்று.

மாரீயில் நூறு பேர் இருந்தாலே அதிகம். ஆனால் இரண்டு பெரிய பாதைகள் பிரியும் இடம்: வடக்கே பர்ட்ஸ்வில் பாதை, 517 கிலோமீட்டர், குயின்ஸ்லாந்து வரை, மேற்கே ஊட்னடாட்டா பாதை, 600 கிலோமீட்டருக்கு மேல், மார்லா வரை. ஒட்டகக்காரர்கள் ஒரு காலத்தில் இங்கிருந்துதான் உள்நாட்டுக்குச் சரக்கு ஏற்றிப் போனார்கள். 1980-இல் மூடிய ‘கான்’ என்ற பழைய ரயிலின் தண்டவாளமும் ஓய்ந்துபோன இன்ஜின்களும் ஊர் நடுவே கிடக்கின்றன. 1883-இல் கட்டிய மாடி ஹோட்டல் ஒன்று.

முதலில் சாலைப் பலகை. ஊர் ஓரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பெரிய பலகை. ஒவ்வொரு பாதையின் பெயருக்கு நேராகவும் மாற்றிப் போடக்கூடிய தகடு, ஒரு முகம் ‘திறந்திருக்கிறது’, மறு முகம் ‘மூடப்பட்டது’. மழை பெய்தால் இந்த மண் சேறாகி வண்டி அச்சு வரை இறங்கிவிடும். அதைவிட மோசம், அந்த ஈரத்தில் ஒரே ஒரு லாரி போனால்கூடச் சாலை பள்ளம் பள்ளமாகிக் காய்ந்து கல்லாகிவிடும், பிறகு அதைச் சமப்படுத்த வாரக்கணக்காகும். அதனால் மூடியிருக்கும்போது ஓட்டினால் அபராதம். மூடுவதும் திறப்பதும் மாநிலப் போக்குவரத்துத் துறையின் கையில். சுமார் 10,000 கிலோமீட்டர் மண் சாலை அவர்கள் பொறுப்பு. ஊரில் பேசிய ஒருவர் சொன்னார்: சாலை ஆட்கள் கேரவனிலேயே குடியிருந்துகொண்டு சாலையைச் சமப்படுத்தும் கிரேடர் வண்டியோடு பாதை நெடுக நகர்ந்துகொண்டே இருப்பார்கள், எந்த இடத்தில் மண் எப்படி என்று அலுவலகத்துக்கே அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மின்சாரம்? மாநில மின்தொடர் இங்கே எட்டாது. மாரீ, ஊட்னடாட்டா, பிளின்மன், பாராசில்னா, கிளெண்டாம்போ மாதிரி ஊர்களுக்கு அரசே ஒரு திட்டம் வைத்து டீசல் ஜெனரேட்டரில் மின்சாரம் தருகிறது, செலவில் பெரும்பகுதியை மானியமாக ஏற்றுக்கொள்கிறது. ஊர் ஓரத்தில் நின்றால் அந்த உறுமல் கேட்கிறது. மருத்துவம் பறக்கும் மருத்துவர் சேவையின் கிளினிக், ஆண்டமூக்காவிலும் மார்லாவிலும் இதே மாதிரி உண்டு. பள்ளிக்கூடம் கல்வித் துறை. காவல் நிலையம் காவல் துறை. தீ பிடித்தால் தன்னார்வத் தீயணைப்புப் படை, அதாவது மதியம் ஹோட்டலில் பீர் ஊற்றித் தந்த அதே ஆள்.

எண்ணிப் பார்த்தால் அரசாங்கம் இங்கே குறைவாக இல்லை. இந்த ஒரு ஊருக்கு ஆறேழு துறைகள் வருகின்றன, ஒவ்வொன்றும் தன் வேலையை மட்டும் பார்க்கிறது, எல்லாவற்றுக்கும் தலைமையகம் எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் அடிலெய்டில். துறைகளுக்கு நடுவே விழுகிற வேலைதான் பிரச்சினை. குப்பைமேட்டுக் கதவு காற்றில் பிடுங்கிக்கொண்டு போனால் அது எந்தத் துறை? சுற்றுலாப் பயணி பூங்காவில் கழிவுநீரைக் கொட்டிவிட்டுப் போனால்? அதெல்லாம் ஊர் முன்னேற்றச் சங்கத்தின் தலையில்.

சங்கத்தில் வெகுகாலமாக இருக்கும் ஒரு பெரியவரோடு சாயங்காலம் பேசினோம். சங்கத்துக்குச் சட்ட அதிகாரம் ஏதும் கிடையாது. வரி போட முடியாது, யாரையும் அதட்ட முடியாது. ஆணையத்தோடு ஒப்பந்தம், ஆண்டுக்கு ஒரு தொகை, கணக்கு ஒப்படைக்க வேண்டும். அவர் குறைப்பட்டது பணத்தைப் பற்றி அல்ல, படிவங்களைப் பற்றி. ஒரு மேசை வாங்க வேண்டுமென்றாலும் பாதுகாப்பு மதிப்பீடு, காப்பீடு, மூன்று விலைப்புள்ளி. மூன்று கடை இருக்கும் ஊருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அவர்களுக்குத் தெரியுமா என்றார். கூட்டத்துக்கு வருகிறவர்கள் எட்டுப் பேர், அதில் ஐந்து பேருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது.

“கவுன்சில் வேண்டும் என்று கேட்டதில்லையா?” என்று கேட்டேன்.

சிரித்தார். வேண்டவே வேண்டாமாம். கவுன்சில் வந்தால் தலைமைச் செயல் அலுவலர் வருவார், அவருக்குச் சம்பளம், கார், அலுவலகம், பிறகு அதற்கெல்லாம் வரி. நூறு பேர் வரி கட்டி ஒரு அதிகாரியின் காருக்குப் பெட்ரோல் போடுவதா?

அவர் கணக்கு எனக்குச் சரியாகவே பட்டது. ஆனால் ஐந்து பேருக்கு எழுபது வயது என்பதையும் அவரேதான் சொன்னார்.

நான்காம் நாள்: ஊட்னடாட்டா பாதை, வில்லியம் கிரீக்

பலகை ‘திறந்திருக்கிறது’ என்றது, கிளம்பினோம். மாரீயிலிருந்து மேற்கே நாற்பது கிலோமீட்டர் அளவில் டிங்கோ வேலி குறுக்கே வருகிறது. பெயரைக் கேட்டு ஏதோ சீனப் பெருஞ்சுவர் மாதிரி கற்பனை செய்திருந்தேன், வெறும் கம்பி வலைதான். இடுப்புக்கு மேல், நெஞ்சு உயரம். ஆனால் இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நேராகப் போகிறது, மூன்று மாநிலம் சேர்ந்து 5,600 கிலோமீட்டர். இந்த மாநிலத்தில் மட்டும் 2,000-க்கு மேல். தெற்குப் பக்கம் ஆடு, வடக்குப் பக்கம் மாடு. காட்டுநாய் ஆட்டுமந்தைக்குள் புகாமல் இருக்கத்தான் இத்தனை பாடு.

எனக்கு வேலியைவிட அதன் நிர்வாகம்தான் பிடித்திருந்தது. 1946-இல் இதற்கென்றே ஒரு சட்டம், ஒரு வாரியம். வேலிக்கு உட்புறம் நிலம் வைத்திருப்பவர்களிடம் வாரியம் வரி வசூலிக்கிறது, அவர்கள் கட்டும் ஒவ்வொரு டாலருக்கும் அரசு ஒரு டாலர் போடுகிறது. நூறு வயது தாண்டிய பகுதிகள் சுமார் 1,600 கிலோமீட்டரை மாற்றிக் கட்டும் வேலையும் சில வருடங்களுக்கு முன் தொடங்கியது. மாரீ பெரியவரிடம் இதைச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! வரியே பிடிக்காத இதே பாலைவனத்தில் எண்பது வருடமாக ஒரு வரி நடக்கிறது. கட்டுகிறவனுக்குத் தன் காசு எந்தக் கம்பியில் போயிற்று என்று வண்டியில் போய்ப் பார்க்க முடிகிறது, அதுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

வழியில் தெற்கு ஐர் ஏரி. கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும் உப்பு வெளி. காற்று அடித்த அடியில் ஐந்து நிமிடம்கூட நிற்க முடியவில்லை.

வில்லியம் கிரீக்கின் நிரந்தரக் குடிமக்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். சுற்றிலும் அன்னா கிரீக் ஸ்டேஷன் (இங்கே மேய்ச்சல் பண்ணைக்கு ஸ்டேஷன் என்று பெயர்), உலகத்திலேயே பெரிய மாட்டுப் பண்ணை, 23,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். இந்த நிலமெல்லாம் பண்ணைக்காரர்களின் சொந்தம் கிடையாது. அரசு நிலம், 42 வருடக் குத்தகை. 1989-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு மேய்ச்சல் நில வாரியம் இருக்கிறது. எத்தனை தலை மாடு விடலாம், புல்வெளி எந்த நிலைமையில் இருக்கிறது என்று அதுதான் கண்காணிக்கிறது. பண்ணைக்குள் இருக்கும் பாதை, ஓடுதளம், கிணறு எல்லாம் குத்தகைக்காரர் பாடு. ஆக, பரப்பளவைப் பார்த்தால் இந்த வட்டாரத்தை நிஜத்தில் நடத்துவது பண்ணை மேலாளர்கள்தான், அதுவும் ஒருவித ஆட்சிதான்.

பண்ணை வேலை பார்த்த ஒரு பெண்ணிடம் மருந்துப் பெட்டியைப் பற்றிக் கேட்டேன். பறக்கும் மருத்துவர் சேவை 1928-இல் ஜான் ஃப்ளின் முயற்சியில் குயின்ஸ்லாந்தில் தொடங்கியது. ஆனால் விமானம் வருவதற்குள் என்ன செய்வது? அதற்குத்தான் ஒவ்வொரு பண்ணையிலும் ஒரு பூட்டிய பெட்டி, உள்ளே ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு எண். மூடியில் மனித உடலின் படம், அதிலும் பகுதி பகுதியாக எண். போனில் மருத்துவர் “எந்த எண்ணில் வலி?” என்பார், இவர்கள் சொல்வார்கள், “இந்த எண் மாத்திரையில் இரண்டு கொடுங்கள்” என்பார். மருந்தின் பெயரைத் தப்பாகக் கேட்டுவிடும் அபாயம் இல்லை. அந்தப் பெண், தன் அப்பா குதிரையிலிருந்து விழுந்த இரவில் அம்மா அந்தப் படத்தின் மேல் டார்ச் அடித்து எண் சொல்லிக்கொண்டிருந்ததைத் தான் கதவோரம் நின்று பார்த்ததாகச் சொன்னார். படிப்பும் அப்படித்தான். வானொலி வழிப் பள்ளி, போர்ட் அகஸ்டாவிலிருந்து, அவருக்கு விவரம் தெரிந்தபோது வானொலி; இப்போது அவர் பிள்ளைகளுக்குச் செயற்கைக்கோள் இணையம்.

ஐந்தாம் நாள்: கூபர் பீடி

மறுபடியும் கவுன்சில் உள்ள ஊர். நாலாபக்கமும் கவுன்சில் இல்லாத பாலைவனம், நடுவில் இது மட்டும் தீவு.

நிலத்தடி வீடுகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் எழுதப் போவதில்லை. குளிரும் வெயிலும் தெரியாமல் நன்றாகத் தூங்கினோம், அது போதும்.

இங்கேயும் முதலில் ஓபல் தோண்டுகிறவர்களின் முன்னேற்றச் சங்கம்தான் ஊரை நடத்தியது, பிறகு கவுன்சில் ஆனது. ஆனால் சாதாரணக் கவுன்சில் இல்லை. ஊருக்குத் தண்ணீரும் மின்சாரமும்கூட இதுவே விநியோகிக்க வேண்டியிருந்தது. 2,000 பேருக்கும் குறைவான ஊர், உப்பைப் பிரித்தெடுத்த தண்ணீர், தனி மின்நிலையம். கடன் ஏறியது. மின்சாரக் கொள்முதல் ஒப்பந்தம் ஒன்றைப் பற்றி மாநில ஒம்புட்ஸ்மன் (அரசு அமைப்புகள் மீதான புகார்களை விசாரிப்பவர்) கடுமையாக அறிக்கை கொடுத்தார், 2019 ஜனவரியில் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களை ஒதுக்கிவிட்டு அரசு ஒரு நிர்வாகியை நியமித்தது. இதைக் கேட்டபோது மாரீ பெரியவரின் சிரிப்பு ஞாபகம் வந்தது. கவுன்சில் என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் ஒரு சின்ன ஊரால் பெரிய நகரத்தின் சுமையைத் தூக்கிவிட முடியாது. அதே சமயம் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்களை இழந்த ஊர்க்காரர்களுக்கு அது வலிக்கத்தான் செய்கிறது, தபால் அலுவலக வரிசையிலேயே இரண்டு பேர் அதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வடமேற்கே இன்னும் போனால் ஏபிஒய் என்று சுருக்கமாகச் சொல்லும் பழங்குடியினர் நிலங்கள், ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். அங்கே நிலைமை வேறு. 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலமே அனங்கு மக்களுடையது, அவர்கள் தேர்ந்தெடுக்கும் செயற்குழுதான் பொறுப்பு, வெளியாட்கள் அனுமதி இல்லாமல் போக முடியாது. மரலிங்கா நிலங்களுக்கு 1984-இல் இதே மாதிரி இன்னொரு சட்டம். கவுன்சில் இல்லாத நிலம் என்று ஒரே வண்ணம் அடித்த வரைபடங்களைப் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியாது.

இரவு அண்ணன் ஒரு கேள்வி போட்டார், மற்ற நாடுகளில் எப்படி? அலாஸ்காவில் பாதிக்கும் மேற்பட்ட பரப்புக்கு மாவட்ட உள்ளாட்சி கிடையாது, அங்கே மாநிலச் சட்டமன்றமே அந்த இடத்தில் நிற்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலும் வடக்குக் காட்டுப் பகுதிகளில் நானூறுக்கும் மேற்பட்ட நிலத்துண்டுகள் ஊராட்சி இல்லாமல் இருக்கின்றன. ஆனால் அங்கே சொத்து வரி உண்டு, தொகையை மாநிலம் முடிவு செய்கிறது. இங்கே பெரும்பாலான இடங்களில் உள்ளாட்சி வரியே கிடையாது.

ஆறாம் நாள்: கிளெண்டாம்போ, வூமெரா

நாள் முழுக்க நெடுஞ்சாலை. கிளெண்டாம்போவில் ஊர்ப்பலகையே மக்கள்தொகைக் கணக்கு சொல்கிறது: ஆடு 22,500, ஈ சுமார் 20 லட்சம், மனிதர் 30. ஈக்களின் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள். 2022 ஜனவரியில் பெருமழையில் இந்தப் பக்கம் நெடுஞ்சாலை மூழ்கி வடக்கே சரக்கு போக முடியாமல், கூபர் பீடிக்கு விமானப்படை விமானத்தில் 20 டன் உணவு கொண்டுபோனார்கள். அந்த வாரத்தில் உள்ளாட்சி இருந்ததா இல்லையா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பிம்பாவில் திரும்பினால் வூமெரா. 1947-இல் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து ஏவுகணைச் சோதனைக்காக அமைத்த ஊர். 1960-களில் ஆயிரக்கணக்கானோர், 1982 வரை வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. இன்றும் வீடு, தெரு, பூங்கா எல்லாமே பாதுகாப்புத் துறையின் கையில்தான். தெருவில் ஒரு குப்பைத்தொட்டிகூடச் சாய்ந்திருக்கவில்லை. பேச ஆளும் கிடைக்கவில்லை, திறந்தவெளியில் நிறுத்திய ராக்கெட்டுகளைப் பார்த்துவிட்டுக் கிளம்பினோம்.

ஏழாம் நாள்: ராக்ஸ்பி டவுன்ஸ், ஆண்டமூக்கா

முப்பது கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊர், இரண்டு வேறு உலகம்.

ராக்ஸ்பி டவுன்ஸ் ஒலிம்பிக் டாம் சுரங்கத்துக்காகக் கட்டியது, இப்போது அது பிஎச்பி நிறுவனத்துடையது. செம்பு, யுரேனியம். 1982-இல் அரசும் சுரங்க நிறுவனமும் போட்ட ஒப்பந்தத்தைச் சட்டமாகவே நிறைவேற்றினார்கள், அதன்படி நகர மன்றம் உண்டு, உறுப்பினர்கள் கிடையாது. ஒரே ஒரு நிர்வாகி, மன்றத்தின் எல்லா அதிகாரமும் அவரிடம். நகராட்சிக் கணக்கில் துண்டு விழுந்தால் அரசும் நிறுவனமும் பகிர்ந்துகொள்கின்றன. சுமார் 4,000 பேர் வாழும் ஊர், இளைய வயது, பள்ளிப் பிள்ளைகள் ஏராளம். கூபர் பீடியைவிடப் பெரிய இந்த ஊரில் உள்ளாட்சித் தேர்தல் என்பதே இல்லை. இங்கே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரியும் தெரியவில்லை, தண்ணீர் வருகிறது, தோட்டம் பச்சையாக இருக்கிறது. எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது. லீ கிரீக்கைப் பார்த்துவிட்டு வந்ததாலோ என்னவோ.

ஆண்டமூக்கா நேர் எதிர். 1930-இல் ஓபல் கிடைத்தது, அப்போதிருந்து அவரவர் இஷ்டத்துக்கு முளைத்த வீடுகள், வளைந்து வளைந்து போகும் தடங்கள், நடுவில் மழை வந்தால் ஓடையாகவும் மற்ற நாளில் தெருவாகவும் இருக்கும் ஓர் இடம். ஓபல் தோண்டுகிறவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்த முன்னேற்றச் சங்கம்தான் வெகுகாலம் எல்லாவற்றையும் நடத்தியது. ஒலிம்பிக் டாமில் வேலை பார்க்கிறவர்கள் இங்கே வீடு வாங்கத் தொடங்கியதும் தன்னார்வலர்களால் தாங்க முடியவில்லை. 2009-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த மாதிரி ஊர்களுக்காகவே ஒரு வழி வைத்திருக்கிறது: ஊரோடு பேசி, சொத்துக்கு இவ்வளவு என்று ‘சமூகப் பங்களிப்பு’ வசூலித்து அதை அந்த ஊருக்கே செலவு செய்வது. ஆண்டமூக்காவில் அது வந்தது.

வரி என்று சொல்லக்கூடாதாம், பங்களிப்பாம். ஓபல் கடைக்காரர் ஒருவர் இதைச் சொல்லும்போதே புருவத்தை உயர்த்தினார். அவருக்குப் பணம் கொடுப்பதில் வருத்தமில்லை, குப்பை ஒழுங்காகப் போகிறது, சாலை பரவாயில்லை. “ஆனால் என் காசை எதற்குச் செலவு செய்வது என்று முடிவெடுக்கிறவர்களுக்கு நான் ஓட்டுப் போடவில்லையே,” என்றார். மாநிலத் தேர்தலில், மத்தியத் தேர்தலில் போட்டே ஆக வேண்டும், போடாவிட்டால் அபராதம். மாநிலப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அடங்கும் கிரே என்ற ஒரே தொகுதிக்குத்தான் இவர்கள் நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தெருவிளக்குக்கு மட்டும் ஓட்டு இல்லை.

பிறகு அவரே சொன்னார், கவுன்சில் தேர்தல் உள்ள ஊர்களில் வாக்களிப்பது கட்டாயம் இல்லை, அதனால் அங்கேயும் நிறையப் பேர் போடுவதில்லை, இருக்கும் உரிமையை அவர்கள் பயன்படுத்துவதில்லை, இல்லாத உரிமைக்கு நான் சண்டை போடுகிறேன் என்று. ஆணையத்தின் ஏழு இடங்களில் சிலவற்றையாவது ஊர்க்காரர்கள் வாக்களித்து நிரப்பலாமே என்று கேட்டேன். இவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கும் ஊர்களில் யாருக்கு யாரைத் தெரியும், ஆண்டமூக்காக்காரன் ஊட்னடாட்டாக்காரனுக்கு ஏன் ஓட்டுப் போடுவான் என்று திருப்பிக் கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இருந்தாலும், பங்களிப்பு வசூலிக்கும் ஊரில் அந்தத் தொகையின் வரவு செலவுக்கு மட்டுமாவது ஊர் ஓட்டு வைக்கலாம் என்றுதான் இப்போதும் படுகிறது. டிங்கோ வேலிக்கு உள்ளூர் வாரியங்கள் வைத்து நடத்துகிறவர்களால் இது முடியாததா?

அவர் தோளைக் குலுக்கிவிட்டு, சங்கக் கூட்டம் வியாழக்கிழமை, அதுவரை இருந்தால் வந்து சொல்லுங்கள் என்றார். அண்ணனுக்குத் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். காலையில் போர்ட் அகஸ்டா கிளம்புகிறோம்.